தலைவர் எங்க தப்புப் பண்ணினார்

தம்பி, கோவிச்சுக்காதீங்க. பக்கத்து சீட்டு, அதனால கண்ணுல பட்டுருச்சு. இந்தப் படத்தை இப்பத்தான் பாக்குறீங்களா? மொதத் தடவையா? சரி, அப்ப நான் வாயைத் திறக்கல. பாருங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். ஃபைல் ரூம்ல ஒரு அம்மா வருவாங்க பாருங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு, இடுப்புல சாவிக்கொத்தோட, தலைவர் கூடவே பல வருஷமா இருக்கிறவங்க. அவங்க மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க. அவ்வளவுதான்.

அட, எதுக்கு நிறுத்துறீங்க? சரி, காதுல இருக்கிறதைக் கழட்டிட்டீங்க, அதுவும் நல்லதுதான். இன்னும் கரூரே வரலை. ஓசூர் போய்ச் சேர நேரம் கெடக்கு.

இந்தப் படத்தை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. ரசிச்சுப் பாத்தேன்னு நினைச்சுராதீங்க. என் மகளுக்காகப் பாத்தது. வினோதினின்னு பேரு. ஒரே பொண்ணு. காலேஜுல அவளுக்கு இதை ஒரு வேலையாக் குடுத்திருந்தாங்க. ஒரு உளவாளிப் படத்தை எடுத்துக்கிட்டு, அதோட கதையை எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பிரிச்சு எழுதணும். எங்க ஆரம்பிக்குது, எங்க திரும்புது, இடைவேளையில எதைப் போட்டு உடைக்கிறாங்க, கிளைமாக்ஸுக்கு எது இழுத்துக்கிட்டுப் போகுது, இந்த மாதிரி. விஷுவல் கம்யூனிகேஷன்னு ஒரு படிப்பு. அதைப் படிச்சு என்ன கிழிக்கப் போறேன்னு நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மொத வருஷம் மட்டும் கேட்டேன். அப்புறம் கேக்கல.

நான் போலீஸ்ல இருந்தவன். வெள்ளைச்சாமின்னு திண்டுக்கல்ல கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்குத் தெரியாது. அதுதான் என் வேலையோட அழகே. காக்கி போட்ட போலீஸ் இல்ல, ஸ்பெஷல் பிராஞ்ச். எந்தக் கூட்டத்துல யார் பேசினான், யார் கை தட்டினான், யார் பாதியில எந்திரிச்சுப் போனான், இதை எழுதி மேல அனுப்புறது. ஏட்டாச் சேந்து எஸ்.எஸ்.ஐ.யா போன வருஷம் ரிட்டயர் ஆனேன். இப்ப நான் சொல்ற சங்கதி நடந்தப்ப சர்வீஸ்லதான் இருந்தேன். போலீஸ் குவார்ட்டர்ஸ்லதான் வீடு.

ஏட்டாச் சேந்துன்னா சொன்னேன்? கான்ஸ்டபிளாச் சேந்தேன். நீங்க கவனிக்கலை, பரவாயில்ல. கவனிக்கிறவங்க ரொம்பக் கம்மி.

ஒரு நாள் சாயங்காலம் வினோதினி வந்து பக்கத்துல உக்காந்தா. அப்பா, இப்படி ஒரு அசைன்மென்ட், நீங்கதான் உதவணும், உங்களுக்குத்தான் இந்த உளவு வேலையெல்லாம் தெரியும்ன்னா. தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு நினைக்கிறேன். ஆகி, ஒரு பொம்பளப் பிள்ளை பொறந்து, அது வளந்து, அப்பான்னு வந்து பக்கத்துல உக்காந்து, உங்களுக்குத்தான் தெரியும்ன்னு சொன்னா எப்படி இருக்கும்ன்னு அப்பத்தான் உங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் அவ என்கிட்டப் பேசினதெல்லாம் கையெழுத்து வேணும், பஸ் பாஸ் எடுக்கணும், அவ்வளவுதான். நான் கண்டிப்பானவன் இல்ல. ஞாயித்துக்கெழமை அவ செல்போனை வாங்கி ஒரு பார்வை பாத்துட்டுக் குடுப்பேன். அப்பப்ப காலேஜ் பஸ் பின்னாடி பைக்ல கொஞ்ச தூரம் போய்ப் பாப்பேன். சும்மா ஒரு பாதுகாப்புக்கு. ஒரு நாளும் அடிச்சதில்லை.

படத்தைப் பெரிய டிவியில பாக்கணும்ன்னா. இன்டர்நெட்டு இழுத்துக்கிட்டு நின்னுச்சு. அவதான், ஒரு பையன் இருக்கான்ப்பா, நல்லாச் செஞ்சு குடுப்பான்னு ஒரு நம்பரைக் குடுத்தா. நான்தான் போன் போட்டேன். அதைக் கவனிங்க, நான்தான் போன் போட்டேன். எபினேசர்ன்னு ஒருத்தன் வந்தான். ஒல்லியா, மரியாதையா, செருப்பை வெளியே விட்டுட்டு வந்தான். ஏணி போட்டு மேல ஏறி ஒயரை மாத்தி, சுவத்துல துளை போட்டு, அந்தத் தூளைக்கூட அவனே கூட்டி அள்ளினான். என் சம்சாரம் தவமணி காபி குடுத்தா. நான் அவனை உக்கார வச்சு இந்தப் படத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசினேன். அவனும் பாத்திருக்கான். தலையில இருந்து கால்வரைக்கும் எடை போடுறதுதான் என் தொழிலு. என்ன எடை போட்டேன் தெரியுமா? நல்ல குடும்பத்துப் பையன்னு போட்டேன்.

அப்புறம் தெனமும் சாயங்காலம் நானும் அவளும் உக்காந்துருவோம். ஒரு பெரிய சார்ட் பேப்பரை ஹால் சுவத்துல ஒட்டி, கட்டம் கட்டமாப் போட்டு வச்சிருந்தா. படத்தோட கதை இதுதான் தம்பி, சுருக்கமாச் சொல்றேன், நீங்கதான் நிறுத்திட்டீங்களே. கதாநாயகன் அநாதை. உளவுத்துறைத் தலைவர்தான் அவனை எடுத்து வளத்து ஆளாக்கி வேலையும் குடுத்தவர். ஒரு துறைமுக ஊருக்கு அனுப்பி ஒரு பொம்பளையைக் கொல்லச் சொல்றார். இவன் போய்ப் பாத்தா அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. மாட்டேங்கிறான். உடனே இவன்தான் துரோகின்னு முத்திரை குத்தி, வளத்தவரே தேட ஆள் விடுறார். அங்கதான் இடைவேளை. மிச்சமெல்லாம் இவன் அந்த ஊரை விட்டு எப்படி வெளியே போறாங்கிறதுதான். ஆபீஸுக்குள்ள இருந்து யாரோ இவனுக்குத் துப்புக் குடுக்கிறாங்க. யாருன்னு கடைசியிலதான் காட்டுவாங்க. நான் மொதத் தடவை பாக்கும்போதே, அந்தம்மா சாவிக்கொத்தோட வந்து நின்ன உடனே, இவதான்னு சொல்லிட்டேன். வினோதினி அசந்து போயிட்டா. எப்படிப்பா கண்டுபிடிச்சீங்கன்னா. ரொம்ப நாளாக் கூட இருக்கிறவளை எவனும் திரும்பிப் பாக்கமாட்டான், அதான் அவளுக்கு வசதின்னு சொன்னேன். தவமணி அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. அவளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா.

இதுல கதாநாயகன் கூரை மேல ஓடுவான், கண்ணாடியை உடைச்சுக்கிட்டுக் குதிப்பான். அதெல்லாம் சும்மா. ஓடினா ஊரே பாக்கும். நெஜத்துல தப்பிக்கிறவன் எப்படிச் செய்வான்னு நான் ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தேன். அவ ஒரு கலர்ல படத்துல இருக்கிறதை எழுதுவா, இன்னொரு கலர்ல நான் சொல்றதை எழுதுவா. அப்பா, தலைவர் எங்க தப்புப் பண்றார்ன்னு கேட்டா. நான் எந்திரிச்சுப் போய் சார்ட்ல விரலை வச்சுக் காட்டினேன். இங்க. வெளியே போற ரோடெல்லாம் ஆளைப் போடுறார் பாரு, ஸ்டேஷன், ஹார்பர், ஏர்போர்ட்டுன்னு. தப்பிக்கிறவன் அன்னிக்கே கிளம்பமாட்டான். தேடுறவன் வீட்டுக்குப் பக்கத்துலயே அசையாம இருப்பான். தேடுறவன் சலிச்சதுக்கு அப்புறம் நல்ல பகல்ல நடந்து போவான்னேன். அப்ப செல்போன்னா. அதை அவனே வச்சிருந்தா மாட்டிக்குவான், தூக்கி எறிஞ்சாலும் தெரிஞ்சுபோகும், ஓடுற வண்டி ஒண்ணுல போட்டுவிட்டுரணும், அது பாட்டுக்குப் போகும், இவங்களும் அது பின்னாடியே போவாங்கன்னேன். அருமைப்பான்னு சொல்லி எழுதிக்கிட்டா.

ஆமா தம்பி. உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, புரிஞ்சுருச்சுன்னு. எனக்குத்தான் அன்னிக்குப் புரியல.

நடுவுல வேற ஒண்ணும் கேட்டுக்கிட்டே இருப்பா. கதைக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி. அவன் தப்பிச்சு ஓடாம, தலைவர்கிட்ட நேராப் போய் உண்மையைச் சொல்லிட்டா என்னப்பா ஆகும்ன்னா. நான் சிரிச்சேன். படம் இடைவேளைக்கு முன்னாடியே முடிஞ்சிரும், அப்புறம் எவன் டிக்கெட் எடுப்பான்னேன். அவளும் சிரிச்சா. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி அதையே வேற மாதிரிக் கேட்டா. தலைவருக்கு அவன் மேல பாசம்தானேப்பா, அவர்தானே வளத்தார், அப்ப ஏன் அவன் பக்கத்தைக் கேக்க மாட்டேங்கிறார்ன்னா. பாசம் இருக்கிறதாலதான் விடமாட்டார், ஊரான் வீட்டுப் பிள்ளைன்னா போய்த் தொலையட்டும்ன்னு விட்டுருவாருன்னேன். சரியாத்தானே சொல்லியிருக்கேன்? அவ ஒண்ணும் எழுதல. சார்ட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. ஏம்மா, இதை எழுதிக்கலையான்னேன். இது அசைன்மென்ட்டுல வராதுப்பான்னுட்டா.

கடைசியாக் கேட்டது பொங்கல் முடிஞ்ச வாரம். படத்தோட முடிவுல ஒரு பாலம் வரும். தலைவர் அந்தப் பாலத்து மேல தனியா நின்னு கையை விரிச்சு, வா, எல்லாத்தையும் மறந்துட்டேன்னு கூப்பிடுவார். இவன் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுக் கப்பல்ல ஏறிருவான். அதோட முடிஞ்சிரும். வினோதினி அந்த இடத்துல டிவியை நிறுத்திட்டு, இவன் போயிருந்தா அவர் நெஜமாவே மன்னிச்சிருப்பாராப்பான்னு கேட்டா. கேட்டுட்டு என் மூஞ்சியையே பாத்தா. என்னைக்கும் இல்லாம என் கையைப் புடிச்சுக்கிட்டிருந்தா. நான் தொழில் தெரிஞ்சவன், தெரிஞ்சதைச் சொன்னேன்.

"மன்னிச்ச மாதிரி கூப்பிடுவார். வந்த உடனே புடிச்சிருவார். தேடுற எவனும் அப்படித்தாம்மா செய்வான்."

கையை எடுத்துக்கிட்டா. தூக்கம் வருதுப்பான்னு எந்திரிச்சுப் போனா.

அதுக்கு அடுத்து வந்த திங்கக்கெழமை காலேஜுக்குப் போனவ வீட்டுக்குத் திரும்பல.

நான் பதறல. என் வேலை அது. தெரிஞ்ச பையன் ஒருத்தன்கிட்டச் சொல்லி அவ செல்போன் எந்த டவர்ல இருக்குன்னு பாத்தேன். தெற்க பாத்துப் போகுது. மதுரை தாண்டி, விருதுநகர் தாண்டி. ஜீப்பை எடுத்துக்கிட்டு நானும் ரெண்டு பேரும் போனோம். கோவில்பட்டிக்கிட்ட ஒரு திருநெல்வேலி பஸ்ஸை மறிச்சு ஏறினோம். செல்போன் இருந்துச்சு. கடைசி சீட்டுக்கு அடியில, ஒரு துணிப்பையில சுத்தி. பஸ்ல இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பாத்தாங்க. அந்தப் பையைக் கையில வச்சுக்கிட்டு நின்னப்ப, இது நான் சொன்னதுதானேன்னு ஒரு நொடி தோணுச்சு. தோணினதை நானே தள்ளிவிட்டேன். யாரோ கடத்திட்டாங்கன்னுதான் நினைச்சேன். நம்ம பிள்ளை நம்மளை அப்படிச் செய்யும்ன்னு எவனாச்சும் நினைப்பானா?

பழனி, ஒட்டன்சத்திரம், திருச்சி ரோடு, ரயில்வே ஜங்ஷன், எல்லா எடத்துலயும் ஆளைப் போட்டேன். எபினேசரையும் காணோம்ன்னு ரெண்டாவது நாளுதான் தெரிஞ்சுச்சு. ஸ்கூல்ல அவளுக்கு சீனியராம். எத்தனையோ வருஷப் பழக்கமாம். என் வீட்டுச் சுவத்துல துளை போட்டு, என் காபியைக் குடிச்சுட்டுப் போனவன். அவங்க வேற ஆளுக, நாங்க வேற ஆளுக. அதைப் பத்திப் பேச வேண்டாம். நான் அப்படியெல்லாம் பாக்கிறவன் இல்ல. ஆனா ஒரு முறை இருக்குல்ல.

தவமணி அழலை. நான்தான் அவளைத் தேத்தினேன். கவலைப்படாத, எங்க போனாலும் புடிச்சுருவேன்னு சொன்னேன். அவ தலையை ஆட்டிக்கிட்டுச் சமைச்சா. அந்த நாள்ல அவ ஒரு டிபன் கேரியரை எடுத்துக்கிட்டு எங்க குவார்ட்டர்ஸ்லயே டி பிளாக்குக்குப் போய்ட்டு வருவா. அங்க சகுந்தலான்னு ஒரு ஏட்டம்மா இருந்தாங்க, மகளிர் ஸ்டேஷன்ல வேலை. அவங்களுக்கு உடம்புக்கு முடியலையாம், சமைக்க ஆளில்லையாம். நம்ம வீட்டுல இப்படி எழவு விழுந்த மாதிரி கெடக்கு, இதுலயும் அடுத்தவங்களைப் பாக்கிறாளேன்னு எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. ஒரு நாள் நல்ல மழை. நீ நனைய வேண்டாம்ன்னு சொல்லி, குடையைப் புடிச்சுக்கிட்டு நானே கேரியரைக் கொண்டுபோய்க் குடுத்தேன். கதவு பாதிதான் தெறந்துச்சு. ஏட்டம்மா வாங்கிக்கிட்டு, நீங்க எதுக்கு சார்ன்னாங்க. உடம்பைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

உள்ள என் மக இருந்திருக்கா தம்பி. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். போலீஸ் குவார்ட்டர்ஸ்ல, நான் படுத்திருந்த எடத்துல இருந்து கூப்பிடு தூரத்துல. நான் கொண்டுபோனதுதான் அன்னிக்கு அவ சாப்பிட்ட சாப்பாடு.

நாங்க தேடித் தேடி ஓஞ்சதுக்கு அப்புறம், நல்ல பகல்ல, ஏட்டம்மா ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து போயிருக்கா. கேட்ல நின்ன கான்ஸ்டபிள் வணக்கம் வச்சிருக்கான்.

ஓசூர்ல கல்யாணத்தைப் பதிஞ்சுட்டு அவ போன்ல சொன்னது தவமணிக்குத்தான். தவமணி சோத்தைப் போட்டுட்டு, ரசம் ஊத்தவான்னு கேக்கிற குரல்லயே எல்லாத்தையும் எனக்குச் சொன்னா. ஏட்டம்மா, கேரியர், எல்லாத்தையும். எத்தனை நாளா உனக்குத் தெரியும்ன்னு கேட்டேன்.

"மொதல்ல இருந்தே தெரியும்."

ஏன் என்கிட்டச் சொல்லலைன்னேன். அவ தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"சொல்லியிருந்தா மலர்க்கொடிக்குச் செஞ்சதைத்தானே செஞ்சிருப்பீங்க?"

மலர்க்கொடி யாருன்னா, என் அண்ணன் மக. வினோதினி ஸ்கூல் படிக்கிறப்ப அவளும் இப்படித்தான், ஒரு அச்சாபீஸ் பையனோட போயிட்டா. நான்தான் புடிச்சேன். ஒரே நாள்ல. பழனி பஸ் ஸ்டாண்டுல, ஒரு கடை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. மொத பத்து நிமிஷம் அவளுக்குத் தெரியாமப் பக்கத்துலயே நின்னு, யார் யார் கூட இருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் கையைப் புடிச்சேன். பத்திரமா வீட்டுக்குக் கொண்டுவந்து சேத்தேன். அண்ணன் கை ஓங்கினப்பக்கூட நான்தான் தடுத்தேன், நான் இருக்கிற வரைக்கும் பிள்ளை மேல ஒரு அடி விழக்கூடாதுன்னுட்டேன். அந்த மாசமே போடியில ஒரு நல்ல எடமாப் பாத்துக் குடுத்தாச்சு. அந்தப் பையன் ஊரை விட்டே போயிட்டான், நான் கொஞ்சம் பேசினேன், அவ்வளவுதான். இப்ப அவளுக்கு ரெண்டு பிள்ளைக. விசேஷத்துக்கு வந்தா என்னைப் பாத்துத் தலையை மட்டும் ஆட்டுவா. பேசமாட்டா. பேச்சே ரொம்பக் கொறஞ்சுபோச்சு அவளுக்கு, வீட்டு வேலை ஜாஸ்தி போல. அன்னிக்கு ஜீப்ல இருந்து எறக்கினப்ப வினோதினிதான் அவ பக்கத்துல உக்காந்து தலையை வாரிவிட்டா. ரொம்ப நேரம் வாரிவிட்டா. சின்னப்பிள்ளைக்கு என்ன புரிஞ்சிருக்கும்?

அவளுக்கு நான் நல்லதுதானே செஞ்சேன்னு தவமணிகிட்டக் கேட்டேன். அவ ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டா.

இதெல்லாம்கூட ஆறிரும் தம்பி. பொண்ணு ஓடிப்போச்சுன்னு ஊர்ல எத்தனையோ பேருக்கு நடக்குது. பொண்டாட்டி புருஷன்கிட்ட மறைக்கிறதும் நடக்குது. எனக்கு ஆறாதது வேற ஒண்ணு. நான் அவ காலேஜுக்குப் போனேன். அந்த அசைன்மென்ட்டு குடுத்தது யாருன்னு கேட்டுத்தான் போனேன். இதுக்குப் பின்னாடி வாத்தியாருக்கும் பங்கு இருக்குமோன்னு ஒரு சந்தேகம். ஒரு சின்ன வயசு மேடம் வந்தாங்க. வினோதினியா, ரொம்ப நல்லா எழுதியிருந்தா சார், கிளாஸ்லயே அவளுதுதான் ஃபர்ஸ்ட்டுன்னாங்க. எப்ப குடுத்தான்னேன். ஆயுத பூஜை லீவுக்கு முன்னாடியே குடுத்துட்டாளேன்னாங்க.

ஆயுத பூஜைக்கு முன்னாடி. நல்லா யோசிச்சுப் பாருங்க. அது புரட்டாசியில. அவ என்கூட உக்காந்தது தை பொறந்து பொங்கல் முடியிற வரைக்கும். தீபாவளி அன்னிக்குக்கூடப் பலகாரத் தட்டை மடியில வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இந்தப் படத்தைத்தான் பாத்தோம். சேஸிங் சீன்ல நான் குறை சொல்லச் சொல்ல, அவ வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. மார்க்கெல்லாம் வாங்கி, வேலையெல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம், எதுக்கு அத்தனை நாள் என் பக்கத்துல வந்து உக்காந்தா? கேக்க வேண்டியதைத்தான் மொத மாசத்துலயே கேட்டு எழுதிக்கிட்டாளே? செல்போனு, ரோடு, ஒளியிற எடம், எல்லாம் அப்பவே முடிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு? என்னை ஏமாத்தி வச்சிருக்கத்தான். வேற என்ன இருக்க முடியும்? நீங்க சொல்லுங்க. வேற என்ன இருக்க முடியும்?

அந்தச் சாயங்காலங்கதான் தம்பி எனக்கு. வேலையில எத்தனையோ பாத்தாச்சு, பாராட்டுப் பத்திரம்கூட வாங்கியிருக்கேன். அதெல்லாம் ஒண்ணும் மனசுல நிக்கல. அந்தச் சாயங்காலங்கதான் நின்னுச்சு. அதையும் பொய்யாக்கிட்டுப் போயிட்டா. சார்ட் பேப்பரை நான்தான் சுவத்துல இருந்து எடுத்தேன். கிழிக்கணும்ன்னுதான் எடுத்தேன். அப்படியே சுருட்டி வச்சுட்டேன்.

தவமணிகிட்ட நம்பர் வாங்கி ஒரே ஒரு தடவை பேசினேன். மனசை அடக்கிக்கிட்டு, குரலை எறக்கித்தான் பேசினேன். வீட்டுக்கு வாம்மா, ஒண்ணும் நடக்காது, நான் எல்லாத்தையும் மறந்துட்டேன், அவனையும் கூட்டிட்டு வான்னேன். மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"பாலத்துல நின்னு கூப்பிடுற மாதிரியே கூப்பிடுறீங்களேப்பா," அப்படின்னா. வச்சுட்டா.

அது சினிமா. நான் அவ அப்பன். அந்தாளும் நானும் ஒண்ணா? ஸ்டேஷன்ல ரெண்டு பேரைத் தயாரா இருக்கச் சொல்லி வச்சிருந்தேன்தான், இல்லைங்கல. அது முன்னெச்சரிக்கை. எந்த விஷயத்துலயும் ஒரு ஏற்பாடு வேணும்ல. அதுக்காக நான் மன்னிக்கலைன்னு ஆயிருமா? மன்னிச்சிருக்கேனா இல்லையான்னு அவ வந்திருந்தாத்தானே எனக்கே தெரிஞ்சிருக்கும்.

இப்ப அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கு. ஆம்பளையா பொம்பளையான்னு நான் கேக்கல. பொம்பளப் பிள்ளைதான். தவமணி பிரசவத்துக்குப் போனவ, மாசத்துல பாதி நாள் இங்க, பாதி நாள் அங்க. நான் போகச் சொல்றதும் இல்ல, போக வேண்டாங்கிறதும் இல்ல. அவகிட்ட அந்த வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசுறதில்லை.

ஆனா ஓசூருக்கு நான் அப்பப்ப வருவேன். தவமணி திண்டுக்கல்ல இருக்கிற நாளாப் பாத்து, ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிருவேன். அவங்க குடியிருக்கிறது ஒரு மாடி வீடு. எதுத்தாப்ல டீக்கடை. அதுல உக்காந்து பேப்பரை விரிச்சுக்கிட்டா, அந்த வீட்டுல யார் வர்றா யார் போறா எல்லாம் தெரியும். அவன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போறான், என்ன வாங்கிட்டு வர்றான், குரலை ஒசத்துறானா, இதெல்லாம் ஒருத்தன் பாக்கணும்ல? இதுவரைக்கும் ஒண்ணும் தட்டுப்படல. இருந்தாலும் பாக்கணும். அவ சாயங்காலம் பால்கனிக்கு வருவா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு. ரொம்ப நேரம் நிப்பா. பிள்ளை மூஞ்சி கடைப் பக்கம் தெரியிற மாதிரித்தான் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பா. அந்தப் பக்கம் வெயில் அடிக்குது போல. நான் பேப்பரைக் கொஞ்சம் ஒசத்திப் புடிச்சுக்குவேன். என் சர்வீஸ்ல நான் நின்ன எடத்துல என்னை ஒருத்தன் கண்டுபிடிச்சதில்லை தம்பி.

போன தடவை வந்தப்ப என்ன ஆச்சுன்னா, நான் போய் உக்காந்து இன்னும் வாயைத் திறக்கல. கடைக்காரர் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து முன்னாடி வச்சார். நான் இன்னும் சொல்லலையேன்னேன்.

"மாடி வீட்டம்மா சொல்லி வச்சிருக்காங்க. நீங்க வந்தா சர்க்கரை போடாமக் குடுக்கணுமாம். கூட ரெண்டு பிஸ்கட்டும் வைக்கணுமாம், வெறும் வயித்துல மாத்திரை போடுவீங்களாம்."

எப்பச் சொன்னாங்கன்னு கேட்டேன். அது ரொம்ப நாளாச்சுங்க, நீங்க ரெண்டாவது தடவை வந்தப்பவேன்னு சொல்லிட்டு அவர் பாட்டுக்குப் பாலை ஆத்தப் போயிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நான் அங்க வர்றது தவமணிக்கே தெரியாது. இந்த பூமியில ஒருத்தருக்கும் தெரியாது. அப்ப யாரு காட்டிக் குடுத்தது? அன்னியில இருந்து இதே யோசனைதான். சுத்திச் சுத்தி அந்தக் கடைக்காரர் மேலதான் சந்தேகம் வருது. அவர்தான் மொதல்ல போய்ச் சொல்லியிருக்கணும், இன்ன அடையாளத்துல ஒருத்தர் வந்து உக்காருறாருன்னு. ஆளு நல்லவர் மாதிரித்தான் இருக்கார். நல்லவர் மாதிரி இருக்கிறவங்களைத்தான் நான் நம்பி நம்பி இப்படி ஆயிட்டேனே.

என்ன கேட்டீங்க? குடிச்சேனாவா? ஆறிப்போச்சு. யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்ததுல ஏடு படிஞ்சுபோச்சு. குடிச்சேன். பிஸ்கட்டையும் தின்னேன். வச்சதை எதுக்கு வீணாக்கணும்.

இன்னிக்குப் போய் அந்தக் கடைக்காரரைத்தான் ஒரு பிடி பிடிக்கணும். யார் சொன்னா, என்ன சொன்னா, நான் வராத நாள்ல மாடி வீட்டம்மா வந்து என்னைப் பத்தி ஏதாச்சும் கேக்குதா, எல்லாத்தையும் வெவரமா விசாரிக்கணும். அதுக்குத்தான் வர்றேன். அதுக்கு மட்டும்தான்.